மாத்திரை அரசாங்கம் தருது, தைரியம் நாம தரணும்

(நமது கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். மேடைப் பேச்செல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த பயிற்சிக்கு நம்ம கூட்டமைப்பு சார்பாக என்னை அனுப்பினாங்க. அங்கே கேட்டது, பிறகு நம்ம கிராம செவிலியர் அக்காகிட்டயும் நம்பிக்கை மைய ஆலோசகர் அம்மாகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, இதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். எச்.ஐ.வி. பற்றித்தான்.

பேரைச் சொன்னதுமே சில பேர் முந்தானையால வாயை மூடுறீங்க. பரவாயில்லை. கடன், சேமிப்பு, ஆடு மாடு பற்றிப் பேச நமக்குக் கூச்சம் இல்லை. இதைப் பற்றிப் பேசக் கூச்சம். ஆனால் இந்தியாவில் 2023-ம் வருஷக் கணக்குப்படி 25 லட்சம் பேருக்கு மேல் எச்.ஐ.வி.யோடு வாழ்றாங்க. அதில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் புதுசாத் தொற்று வந்தவங்க 68 ஆயிரத்துக்கு மேல். அது எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. நம்மை மாதிரி குடும்பங்களில் நடக்கிறதுதான்.

இந்தக் கிருமியை நம்ம நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில், 1986-ல். கண்டுபிடிச்சவங்க பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவங்ககிட்ட படிச்ச டாக்டர் நிர்மலா அவர்களும். நிர்மலா அம்மா அப்போது சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரி. கையுறை கூட இல்லாம ரத்தம் எடுத்து, வீட்டு ஃப்ரிட்ஜில் வச்சு, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை பண்ணினாங்க. அதில் ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. "நம்ம நாட்டில் அந்த வியாதி வராது" என்று பலரும் சொல்லிக்கிட்டிருந்த காலம் அது.

ஆனால் இன்னொன்றையும் நினைச்சுப் பார்க்கணும். அன்னைக்கு ரத்தம் கொடுத்தவங்களும் பெண்கள்தான். பாலியல் தொழில் செய்ததாகச் சொல்லிக் காப்பகத்தில் அடைச்சு வச்சிருந்த பெண்கள். அவங்களுக்குக் கிருமியைக் கொடுத்த ஆம்பளைகள் யாருன்னு யாரும் கேட்கலை. நோயும் பழியும் சேர்ந்தே அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. இன்னைக்கும் ஒரு வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தொற்று இருந்தால், ஊர் வாய் முதலில் யாரைக் கேட்குது? உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் அரசாங்கம் சும்மா இருக்கலை. 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. 1994-ல் தமிழ்நாட்டில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. என்கிற கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. தொடக்கத்தில் கொடுத்த சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரியும் ஒன்று. அப்போதெல்லாம் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைஞ்ச பிறகுதான் மருந்து. 2017-லிருந்து அப்படி இல்லை. தொற்று உறுதியானால் உடனே மருந்து. இப்போது பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான்.

இப்போது தேசத்தின் குறிக்கோள் என்னவென்றால், 2030-க்குள் எய்ட்ஸ் என்பது பொது சுகாதாரத்துக்கு ஒரு மிரட்டலாக இல்லாமல் பண்ணணும். அதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 95, 95, 95 என்று சொல்றாங்க. கடன் வசூல் சதவீதம் போடுற நமக்கு இது சுலபமாகப் புரியும்.

எச்.ஐ.வி. உள்ளவங்க 100 பேர் என்று வச்சுக்குங்க. அதில் 95 பேருக்காவது தனக்குத் தொற்று இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். அது முதல் 95. அப்படித் தெரிஞ்சவங்களில் நூற்றுக்கு 95 பேர் மருந்து எடுக்கணும். அது இரண்டாவது. மருந்து எடுக்கிறவங்களில் நூற்றுக்கு 95 பேருக்கு ரத்தத்தில் கிருமி அடங்கியிருக்கணும். அது மூன்றாவது. பெருக்கிப் பார்த்தால் 100 பேரில் சுமார் 86 பேருக்குக் கிருமி அடங்கியிருக்கும்.

கிருமி அடங்கினால் என்ன லாபம்? இதை நல்லாக் கேளுங்க. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே தொடர்ந்து இருந்தால், அவங்க மூலமாக உடலுறவில் இன்னொருத்தருக்குத் தொற்று போகாது. இது பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளை வருஷக்கணக்காகக் கவனிச்சு டாக்டர்கள் உறுதி பண்ணின விஷயம். அப்படின்னா ஒருத்தர் சாப்பிடுற மாத்திரை அவரையும் காப்பாத்துது, அவர் குடும்பத்தையும் காப்பாத்துது. பரவுகிற சங்கிலி அங்கேயே அறுந்து போகுது. தேசத் திட்டத்தின் உயிர்நாடியே இதுதான்.

சரி, நம்ம நாடு இந்தப் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கியிருக்கு? 2023-24 கணக்குப்படி 81, 88, 97. அதாவது தொற்று உள்ள 100 பேரில் 81 பேருக்குத்தான் தெரியும். தெரிஞ்சவங்களில் நூற்றுக்கு 88 பேர் மருந்து எடுக்கிறாங்க. மருந்து எடுத்து, கிருமி அளவும் பார்த்தவங்களில் நூற்றுக்கு 97 பேருக்கு அடங்கியிருக்கு.

இந்த மூன்று எண்ணையும் பயிற்சியில் போர்டில் எழுதிப் போட்டதும் எனக்கு ஒன்று பட்டது. மூன்றாவது எண்ணில் நாம பாஸ். மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்யுது. முதல் இரண்டில்தான் குறையுது. அங்கே வேலை செய்ய வேண்டியது மாத்திரை இல்லை, மனுஷங்க. பரிசோதனைக்குப் போகப் பயம். தெரிஞ்ச பிறகு மருந்து வாங்கப் போகப் பயம். செத்துப் போவோம் என்கிற பயத்தை விட, ஊருக்குத் தெரிஞ்சிடும் என்கிற பயம் பெருசு. புதுத் தொற்றுகளை 2010-ல் இருந்ததை விட 80 சதவீதம் குறைக்கணும் என்பது இலக்கு. 2023 வரைக்கும் குறைஞ்சது சுமார் 44 சதவீதம். மிச்சம் இருக்கிற தூரத்தில் பெரும்பகுதி இந்தப் பயம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதுக்கு ஒரு அக்காவோட கதையைச் சொல்றேன். அவங்க அனுமதி கொடுத்த பிறகுதான் சொல்றேன். ஊர், குழு, மாவட்டம் எதையும் சொல்ல மாட்டேன். யாராயிருக்கும்னு யோசிக்காதீங்க, பக்கத்தில் இருக்கிறவங்க முகத்தையும் பார்க்காதீங்க.

அந்த அக்காவோட வீட்டுக்காரர் வெளியூர் போய் வேலை பார்த்தவர். காசநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. அங்கே பரிசோதனை பண்ணினதில் எச்.ஐ.வி. இருந்தது. முத்திப் போயிருந்ததால் காப்பாத்த முடியலை. அக்காவுக்கும் பரிசோதனை பண்ணினாங்க. தொற்று இருந்தது. பெண் குழந்தைக்கு இல்லை. அக்கா உடனே மாத்திரை ஆரம்பிச்சாங்க.

அவங்க ஒரு மகளிர் குழுவில் உறுப்பினர். வாரா வாரம் கூட்டம். ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போக வேண்டிய நாளும் கூட்டமும் சில மாசம் ஒன்றாக வந்திடும். கூட்டத்துக்கு வரலைன்னா 10 ரூபாய் அபராதம். நம்ம குழுக்களிலும் அதேதான். அபராதம் கட்டும்போது "எங்கே போயிருந்தே?" என்று கேட்பாங்க. முதல் மாசம் அம்மா வீட்டுக்கு என்றாங்க. இரண்டாவது மாசம் பொண்ணோட ஸ்கூலுக்கு என்றாங்க. மூன்றாவது மாசம் ஒருத்தி, "உன்னை நான் பெரியாஸ்பத்திரியில் பார்த்தேனே" என்று சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கா. கெட்ட எண்ணத்தில் கேட்கலை. சும்மாத்தான் கேட்டா. ஆனால் அக்காவுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

பக்கத்து மையத்தை விட்டுட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிற மையத்துக்கு மாத்திக்கிட்டாங்க. போக ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. களை எடுக்கிற சீசனில் இரண்டு மாசம் போகவே முடியலை. மாத்திரை நின்னு போச்சு. காய்ச்சல் வந்து, உடம்பு இளைச்சு, வாயெல்லாம் புண். அடங்கியிருந்த கிருமி மறுபடி ஏறிடுச்சு. மையத்திலிருந்து போன் பண்ணி, தன்மையாகப் பேசி, திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. இப்போது நல்லா இருக்காங்க. கிருமி கண்டறிய முடியாத அளவில் இருக்கு. பொண்ணு காலேஜ் படிக்குது.

அந்த அக்கா என்கிட்ட சொன்னாங்க: "பத்து ரூபாய் எனக்குப் பெருசு இல்லை தங்கச்சி. அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு காரணம் சொல்லணுமே, அதுதான் என்னைக் கொன்னுச்சு." அந்த இரண்டு மாசத்தில் மாத்திரைக்குத் தட்டுப்பாடு இல்லை. மையம் திறந்துதான் இருந்தது. டாக்டரும் இருந்தார். போகவிடாமல் பண்ணினது ஒரு கேள்வி.

இப்போது கொஞ்சம் விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிடறேன். பயம் பாதி தெரியாததால் வருது.

இந்தக் கிருமி நாலு வழியில்தான் பரவும். தொற்று உள்ளவரோடு ஆணுறை இல்லாத உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுறது, தாயிடமிருந்து குழந்தைக்கு. இந்த நாலைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசு கடிச்சால் வராது. ஒரே கக்கூஸ் போனால் வராது. தொட்டால், கட்டிப் பிடிச்சால், பிள்ளையைத் தூக்கினால் வராது. அவங்க கையால் கொடுத்த டீயைக் குடிச்சால் டீ தான் உள்ளே போகும்.

பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம். முதலில் தனியாக உட்கார வச்சுப் பேசுவாங்க. உங்க சம்மதம் கேட்பாங்க. கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. முடிவை உங்ககிட்ட மட்டும் சொல்வாங்க. ஒரே சோதனையை வச்சு முடிவு சொல்றதில்லை. முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் வேற சோதனைகளும் பண்ணித்தான் உறுதி சொல்வாங்க. தொற்று இப்போதுதான் புதுசாக வந்திருந்தால் உடனே தெரியாமல் போகலாம். அதனால் சில பேரை மூன்று மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்வாங்க. போன் மூலமாகக் கேட்கணும்னா 1097 என்ற இலவச எண் இருக்கு. பேர் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கர்ப்பிணிகள். இதுதான் நம்ம பெண்கள் கையில் இருக்கிற பெரிய விஷயம். எந்த மருந்தும் எடுக்காத தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் போக நூற்றுக்கு 15 முதல் 45 வரை வாய்ப்பு இருக்கு. தாய்க்கு மருந்து கொடுத்து, பிறந்ததும் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்திடும். சீக்கிரம் ஆரம்பிச்சால் இன்னும் குறையும். அதனால் நாள் தள்ளிப் போனதும் செவிலியர்கிட்ட பதிவு பண்ணி, முதல் மூன்று மாசத்துக்குள் பரிசோதனை பண்ணிடணும். குழந்தைக்கு ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை, அப்புறம் 18 மாசம் வரை தொடர்ந்து பார்ப்பாங்க. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்பீங்க. மருந்து எடுக்கிற தாய் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். அந்த ஆறு மாசத்தில் தாய்ப்பாலும் புட்டிப்பாலும் மாத்தி மாத்திக் கொடுக்கக் கூடாது. டாக்டர் சொல்றபடி நடந்துக்கணும்.

இதில் ஒரு குறை இருக்கு. பொண்டாட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பிடறாங்க, புருஷன் வர்றதில்லை. கிருமி வெளியிலிருந்து வீட்டுக்குள் வர்ற வழியைப் பார்க்காமல் விட்டால் எப்படி? நம்ம ஊரில் எத்தனை வீட்டுக்காரங்க லாரியிலயும், திருப்பூர் கம்பெனியிலயும், வெளி மாநிலத்திலயும் வேலை பார்க்கிறாங்க! அவங்க மேல் சந்தேகப்படச் சொல்லலை. இரண்டு பேரும் சேர்ந்து போய் ரத்தம் கொடுக்கிறது சந்தேகம் இல்லை, பாதுகாப்பு. ஆணுறையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கேட்கக் கூச்சமாயிருந்தால் செவிலியர் அக்காகிட்ட சொல்லுங்க.

சட்டமும் நம்ம பக்கம் இருக்கு. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கு. அதன்படி, தொற்று இருக்குன்னு ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் மறுக்கக் கூடாது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை பண்ணக் கூடாது. அவங்க விஷயத்தை அனுமதி இல்லாமல் வெளியே விடக் கூடாது. அவங்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் ஜெயில் தண்டனையும் உண்டு. குழுவில் 10 ரூபாய் அபராதம் போடுற நாம, சட்டம் போட்டிருக்கிற இந்த அபராதத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்.

ஆனால் அக்கா, சட்டம் நம்ம திண்ணை வரைக்கும்தான் வரும். திண்ணையில் உட்கார்ந்து பேசுற பேச்சுக்குள்ளே வராது. அங்கே நாமதான் இருக்கோம். அதனால் நம்ம கூட்டமைப்பு முன்னால் நாலு தீர்மானம் வைக்கிறேன். தலைவி அம்மாவும் எல்லாக் குழுக்களும் யோசிச்சு முடிவு பண்ணுங்க.

ஒன்று. உடம்புக்காக ஆஸ்பத்திரி போய்க் கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் வேண்டாம். "ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றால் அது போதும். எந்த ஆஸ்பத்திரி, எதுக்கு, சீட்டைக் காட்டு என்று யாரும் கேட்கக் கூடாது. இது எல்லோருக்கும் பொது விதி. ஒருத்தருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் அதுவே அவங்களைக் காட்டிக் கொடுத்திடும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால், சுகர் மாத்திரை வாங்கப் போறவங்களும் ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கப் போறவங்களும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

இரண்டு. உள்கடன் கேட்கும்போது நோயைக் காரணம் காட்டிக் கடன் மறுக்கக் கூடாது. "அவ எத்தனை நாளைக்கு இருப்பாளோ" என்று பேசக் கூடாது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுறவங்க மத்தவங்களைப் போலவே ரொம்ப வருஷம் வாழ்றாங்க, உழைக்கிறாங்க, தவணை கட்டுறாங்க. திருப்பிக் கட்டும் பழக்கத்தைப் பாருங்க, ரத்தத்தைப் பார்க்காதீங்க.

மூன்று. வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டமைப்பு சார்பாகப் பொது மருத்துவ முகாம். அதில் பிரஷர், சுகர், ரத்தசோகை பார்க்கிறதோடு, சம்மதிக்கிறவங்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும். தலைவி, செயலாளர், ஊக்குநர் எல்லோரும் முதலில் கையை நீட்டணும். பெரியவங்க போனால் சின்னவங்க பின்னால் வருவாங்க. முடிவு மட்டும் அவங்கவங்களுக்கு. "உனக்கு என்ன வந்துச்சு?" என்ற கேள்வியே அந்த முகாமில் கிடையாது.

நாலு. ஒரு உறுப்பினர் நம்மை நம்பி ஒரு விஷயம் சொன்னால், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறக் கூடாது, அடுத்த காதுக்கும் போகக் கூடாது. பணப் பெட்டிக்கு இரண்டு சாவி வச்சு, இரண்டு பேர்கிட்ட கொடுத்துப் பத்திரமாக வச்சிருக்கோமே, அதே அக்கறையோடு இதையும் வச்சுக்கணும்.

இதில் ஒன்றுக்கும் பேங்க் கடன் தேவையில்லை, மானியம் தேவையில்லை. முகாமுக்கு மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மனு கொடுக்கணும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நம்மில் எத்தனை பேருக்குப் பேங்க் வாசல்படி ஏறப் பயம்! கையெழுத்துப் போடக் கை நடுங்கும். ஒருத்தி போனாள், அடுத்தவள் போனாள், இன்னைக்கு மேனேஜரிடம் நின்னு வட்டிக் கணக்குக் கேட்கிறோம். அந்தப் பயத்தைப் போக்கினது யார்? பக்கத்தில் நின்ன இன்னொரு பெண். நம்பிக்கை மையத்து வாசல்படியையும் அப்படித்தான் ஏறணும். துணைக்கு வா என்று ஒருத்தி கேட்டால், எதுக்கு என்று கேட்காமல் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பணும்.

2030 என்று தில்லியில் தேதி குறிச்சிருக்காங்க. அந்தத் தேதிக்கு நம்ம ஊரும் தயாராகணும்.